லாலன் ஃபக்கீர் பாடல்கள் – தமிழ்ப் பதிப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா பகுதியில், செவுரியா என்னும் சிற்றூரில் மடம் அமைத்து வாழ்ந்து, 1890 அக்டோபர் 17 அன்று அங்கேயே மறைந்த பாவுல் (வங்கத்து ஞானப் பாடகர் மரபு) கவிஞர் லாலன் ஃபக்கீர், தம் பாடல் ஒன்றைக்கூடக் கைப்பட எழுதி வைத்தவரல்லர். அவர் பாடக் கேட்டுச் சீடர்கள் எழுதிய நோட்டுகளாலும், குருவிடமிருந்து சீடருக்கு வாய்வழி வந்த மரபாலுமே அவை நமக்குக் கிடைத்துள்ளன. ரவீந்திரநாத் தாகூர் அவற்றுள் 20 பாடல்களை 1915-16இல் 'பிரவாசி' இதழில் வெளியிட்டார்.

தம் சாதியையும் மதத்தையும் கேட்டவர்களுக்கு லாலன் பாட்டாலேயே பதில் சொன்னார்: பூணூலைக் கண்டு பிராமணனை அறியலாம், பிராமணப் பெண்ணை எதைக் கொண்டு அறிவது? அவருடைய இறுதிச் சடங்குக்கு மௌல்வியும் தேவைப்படவில்லை, புரோகிதரும் தேவைப்படவில்லை என்று அந்நாளைய 'ஹிதகரி' இதழ் எழுதியது.

இப்பாடல்களில் நூற்றைத் தேர்ந்து வங்க மூலத்திலிருந்து நேராகத் தமிழாக்கி வருகிறோம். இதுவரை 62 முடிந்துள்ளன. கூண்டுக்குள் வந்துபோகும் முன்பின் அறியாப் பறவையைப் பற்றிய புகழ்பெற்ற பாடலில் 'எட்டு அறை, ஒன்பது வாசல்' என்று உடலைச் சொல்லும் இடம், சித்தர் பாடல்களில் பழகிய நமக்கு அடிக்குறிப்பின்றியே விளங்கிவிடுகிறது. அதே பாடலில், பறவை அகப்பட்டால் அதன் காலில் மனத்தையே விலங்காகப் பூட்டுவேன் என்ற அடிதான் எங்களைத் திணறடித்தது. பறவைக்குப் பக்கத்தில் 'விலங்கு' என்று எழுதினால் வேறொரு பொருள் தலைநீட்டும் என்பதால், மூன்றாம் திருத்தத்தில் 'தளை' என்று மாற்றினோம். எழுத்தில் மயங்கும் இத்தகைய இடங்கள் பாடிக் கேட்டால்தான் தெளிகின்றன. ஆகவே ஒவ்வொரு பாடலையும் மரபுவழிப் பாடகர் ஒருவரைப் பாடச் சொல்லிக் கேட்டே முடிவு செய்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஊதியம் பெறுவதில்லை. பாடகர்களை இலவசமாகப் பாடச் சொல்ல மட்டும் எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கான சன்மானம், வங்கமொழி அறிஞரின் ஒப்புநோக்குக் கட்டணம், 500 படிகளின் அச்சுச் செலவு எல்லாம் சேர்த்து ₹2,80,000 ஆகும். கையில் இருப்பது ₹95,000. ₹1,000 முதல் நன்கொடை தருவோருக்கு நூலின் ஒரு படி அனுப்பப்படும். அதற்குக் குறைந்த தொகையும் நன்றியுடன் ஏற்கப்படும். எங்கள் குழு பதிவுபெற்ற அறக்கட்டளை அன்று என்பதால் வருமான வரிச் சலுகைக்கான சான்று தர இயலாது. பொருளாளருக்கு எழுதினால் வங்கிக் கணக்கு விவரமும், தொகை வந்தபின் ரசீதும் அனுப்புவார். நூல் வெளிவந்தவுடன் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

இவண்,
பதிப்புக் குழுவினர்