பிள்ளைகளை பியர் பூலெஸ் அரங்குக்கு அழைத்துச் செல்வது பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆண்டு 7இலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளை, பேர்லின் நகர நடுவிலுள்ள பியர் பூலெஸ் அரங்கில் இஸ்ரேலியரும் அரபியரும் சேர்ந்து படிக்கும் இசைக் கல்லூரியான பாரன்போயிம்–சயீத் அக்கடமியின் மாணவர்கள் வாசிக்கும் இசை நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்ல நமது தமிழ்ப் பாடசாலை முடிவு செய்திருக்கிறது. செய்தி வீட்டுக்கு வந்ததும் உங்களில் சிலர் என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் விளக்கம் கேட்டீர்கள். தமிழ் படிக்க அனுப்பிய பிள்ளையை எதற்காக மேற்கத்திய சங்கீதம் கேட்கக் கூட்டிப் போகிறீர்கள் என்றார் ஒரு தாய். இஸ்ரேலியரும் அரபியரும் சேர்ந்து வயலின் வாசித்ததால் அங்கே எந்தச் சண்டை நின்றது ஐயா என்று ஒரு தந்தை கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்வியில் இருந்த கசப்பும் எனக்குத் தெரிந்த கசப்புத்தான். அதனால் இரண்டு வரிச் சுற்றறிக்கையோடு விட்டுவிடாமல் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த அக்கடமி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். டானியல் பாரன்போயிம் 1942இல் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே பெற்றோருடன் இஸ்ரேலில் குடியேறிய யூதர். பியானோ மேதை, பின்னாளில் பேர்லின் அரச ஓபராவை நீண்ட காலம் வழிநடத்தியவர். எட்வர்ட் சயீத் 1935இல் ஜெருசலேமில் பிறந்த பலஸ்தீனர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர். தம் மக்கள் இழந்த மண்ணைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஹோட்டல் ஒன்றின் முகப்பில் இருவரும் தற்செயலாகச் சந்தித்தார்கள். அந்தப் பழக்கம், இருவரும் தொலைபேசியில் மணிக்கணக்காக வாதாடும் நட்பாக வளர்ந்தது.

1999இல் ஜேர்மனியின் வைமார் நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. அந்த நகரில் வாழ்ந்த ஜேர்மன் கவிஞர் கதேயின் 250ஆவது பிறந்த ஆண்டும் அதுவே. அந்த ஆண்டு இஸ்ரேலிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் இளம் இசைக் கலைஞர்களை வைமாருக்கு அழைத்து இருவரும் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மேற்கு–கிழக்கு திவான் இசைக்குழு. பாரசீகக் கவி ஹாஃபிஸை மொழிபெயர்ப்பில் படித்து மனம் பறிகொடுத்த கதே, அறுபது வயதைத் தாண்டிய பிறகு அரபு எழுத்துகளை எழுதிப் பழகினார். அந்த ஈடுபாட்டில் அவர் 1819இல் வெளியிட்ட கவிதை நூலின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். வைமாருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் நாஜிகளின் பூகன்வால்ட் வதைமுகாம் இருக்கிறது. ஒரே நகரத்தின் பக்கத்தில் கதேயும் இருக்கிறார், முகாமும் இருக்கிறது. அந்த இளைஞர்கள் சேர்ந்தே அங்கேயும் போய் வந்தார்கள்.

அந்தப் பட்டறையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சயீத் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். பகலில் ஒத்திகை, இரவில் அவர் நடுவில் அமர்ந்து நடத்தும் விவாதம். விவாதத்துக்குப் பிறகு சில பிள்ளைகள் கூடி அரபு இசை வாசிப்பது வழக்கம். ஒருநாள் அவர்களில் ஓர் இளைஞன், அரபு இசையை அரபியர்தான் வாசிக்க முடியும், மற்றவர்களுக்கு அது வராது என்று சொல்லிவிட்டான். அப்படியானால் பீத்தோவனை வாசிக்க உனக்கு உரிமை தந்தது யார், நீ ஜேர்மானியன் இல்லையே என்று எதிர்க்கேள்வி வந்தது. வாக்குவாதம் மூண்டது. பட்டறைக்கு, வயலினைப் போன்ற பெரிய வாத்தியமான செல்லோவில் மேதையான, சீன வம்சாவளி யோயோ மாவும் வந்திருந்தார். பத்து நாட்களுக்குள் அதே இளைஞன் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, செல்லோவின் தந்திகளை அரபு இசைக்கு ஏற்றபடி எப்படிச் சுருதி கூட்டுவது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சங்கீதம் பயின்றுவிட்டு இங்கே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நமது இசை நமக்கு மட்டும்தான் என்ற வாதம் நமது பாடசாலைக் கூட்டங்களிலும் எழுந்திருக்கிறது. முதல் கேள்விக்கு என் பதில் இந்தச் சம்பவத்திலேயே இருப்பதாக நினைக்கிறேன். தன் இசையை நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இன்னொருவருக்குக் கொடுக்கவும் ஏதாவது இருக்கும். நமது பிள்ளைகள் தேவாரம் பாடுவதை நிறுத்திவிட்டு மொஸார்ட் கேட்கப் போகவில்லை.

இந்தக் குழுவின் உட்பொருள் மேடையைவிட ஒத்திகை அறையில்தான் நன்றாகத் தெரியும். இசைக்குழுவில் வயலின், செல்லோ வாசிப்பவர்கள் இருவர் இருவராக அமர்வார்கள். அந்த இருவருக்கும் இசைத்தாள் வைக்கும் தாங்கி ஒன்றுதான். உள்பக்கம் இருப்பவர் தாளைப் புரட்ட, மற்றவர் விடாமல் வாசிக்க வேண்டும். எந்தச் சுரத்தில் வில்லை இழுப்பது, எந்தச் சுரத்தில் தள்ளுவது, எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். நமது கச்சேரியில் எல்லோரும் தம்புராவுக்குச் சேர்வதைப் போல, ஓபோ என்ற குழல் கொடுக்கும் ஒரே சுரத்துக்கு அத்தனை வாத்தியங்களும் சேர்கின்றன. அந்த முதல் ஆண்டில் சிரியாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் அதுவரை ஓர் இஸ்ரேலியரைக் கண்ணால் கண்டதில்லை. அவனை ஓர் இஸ்ரேலிய இளைஞனோடு ஒரே தாங்கிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். இருவரும் ஒரே சுரத்தை, ஒரே அளவான ஒலியில், ஒரே வில்லோட்டத்தில் கொண்டுவர முயன்றார்கள். அந்த ஒரு சுரம் சேர்ந்து வந்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பழைய கண்ணால் பார்க்க முடியாது என்று பாரன்போயிம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தக் குழுவால் போர் நின்றதா? நிற்கவில்லை. இதை முதலில் சொன்னவரே பாரன்போயிம்தான். இதை ஒரு சமாதானத் திட்டம் என்று மற்றவர்கள் புகழ்ந்தபோது, இது சமாதானத்தைக் கொண்டுவராது, இது அறியாமைக்கு எதிரான முயற்சி மட்டுமே என்று அவர் தெளிவாக மறுத்தார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரோடு உடன்பட வேண்டியதில்லை, அவர் கதையை ஒருமுறையாவது முழுமையாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டுக்கொண்டது. சயீதும் இந்தக் குழுவில் சேர்ந்ததால் தம் மக்களின் உரிமைக் கோரிக்கையில் ஒரு சொல்லைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. 2003இல் இரத்தப் புற்றுநோயால் இறக்கும்வரை அந்தக் கோரிக்கையை எழுதிக்கொண்டே இருந்தார். உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டுக் கைகுலுக்கு என்று இந்தக் குழு யாரையும் கேட்கவில்லை. நமது பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் சமாதானம் என்ற பேச்சு நம்மிடம் வரும்போதெல்லாம், மறந்துவிடு என்ற கட்டளையும் கூடவே வந்திருக்கிறது.

இரு தரப்பிலும் இவர்களை ஏசியவர்கள் உண்டு. ஆக்கிரமிப்பைச் சாதாரணமாகக் காட்டும் வேலை இது என்று, இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோரும் பலஸ்தீன இயக்கத்தினர் கண்டித்தார்கள். பாரன்போயிம் 2008இல் பலஸ்தீனக் கௌரவக் குடியுரிமையை ஏற்றபோது இஸ்ரேலில் பெரும் கூச்சல் எழுந்தது. 2006 கோடையில் லெபனான் போர் மூண்டபோது, லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வரவேண்டிய கலைஞர்கள் சிலர் வரவில்லை. வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டின் மேல் குண்டு விழும்போது வில்லை எடுக்க எல்லோராலும் முடியாது.

ஆனால் 2005 ஆகஸ்ட் 21 என்ற நாளையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று இந்தக் குழு மேற்குக் கரையில் ரமல்லா நகரப் பண்பாட்டு மண்டபத்தில் வாசித்தது. அந்த நகருக்குள் நுழைய இஸ்ரேலியக் குடிமக்களுக்குச் சட்டப்படி தடை. சிரியா, லெபனான் போன்ற நாடுகளின் குடிமக்களுக்கோ இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் உள்ள எல்லையைத் தாண்டுவதே தங்கள் நாட்டில் குற்றம். 2002 முதல் குழுவுக்குச் செவில்லா நகரில் இடமளித்து ஆதரித்து வந்தது ஸ்பெயினின் அந்தலூசிய மாநில அரசு. அந்த உறவால் ஸ்பெயின் அரசே முன்வந்து, குழுவினருக்கு இராஜதந்திரக் கடவுச்சீட்டுகளை வழங்கியது. இரு தரப்பினரும் வெவ்வேறு பாதைகளில் காவல் வாகனங்களோடு வந்து சேர்ந்தார்கள். மொஸார்ட்டும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியும் வாசித்தார்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு இஸ்ரேலியர்கள் வாகனங்களில் ஏறிக் கிளம்ப வேண்டியிருந்தது. ஆற அமர விடைபெற நேரமில்லை. கடவுச்சீட்டு என்ற சின்னப் புத்தகம் ஒரு மனிதனை எங்கே நிறுத்தும், எங்கே கடத்திவிடும் என்பதை நமது வீடுகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதற்குப் பிறகு குழு போன இடங்கள் பல. 2011 ஆகஸ்ட் 15இல் இரு கொரியாக்களின் எல்லைக்கருகே இம்ஜின்காக்கில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்தது. 2012இல் லண்டன் ரோயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவருடைய ஒன்பது சிம்பொனிகளையும் வாசித்து முடித்தது. 2023ஆம் ஆண்டுக்கான இந்திரா காந்தி அமைதிப் பரிசு பாரன்போயிமுக்கும், பலஸ்தீனச் செயற்பாட்டாளர் அலி அபு அவ்வாதுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இஸ்ரேலிலும் காசாவிலும் தொடங்கிய கொடுமைகளுக்குப் பிறகும் பேர்லினில் அக்கடமியின் வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இருபுறமும் வீட்டிலிருந்து வரும் செய்திக்காக அஞ்சி இருப்பவர்கள் ஒரே கட்டடத்தில் படிக்கிறார்கள். அந்த வகுப்பறைகளில் மௌனமும் கோபமும் இருந்திருக்காது என்று நம்ப நான் அவ்வளவு வெகுளி அல்ல. இருந்தும் மறுநாள் ஒத்திகைக்கு வந்து அமர்ந்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பாரன்போயிமின் உடல்நிலை இப்போது தளர்ந்திருக்கிறது; தமக்குப் பார்கின்சன் நோய் இருப்பதாக 2025 பெப்ரவரியில் அவரே அறிவித்தார். அவர் காலத்திலேயே நமது பிள்ளைகள் இந்த முயற்சியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் எனக்கு உண்டு.

இந்தக் குழுவின் வழியில் உருவான அக்கடமி 2016இலும் அதனோடு ஒட்டிய அரங்கு 2017 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. முன்பு அரச ஓபராவின் மேடைக் காட்சிப் பொருட்களை அடுக்கி வைத்திருந்த களஞ்சியக் கட்டடம் அது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி பணம் வாங்காமல் அரங்கை வடிவமைத்துக் கொடுத்தார். 682 இருக்கைகள். முட்டை வடிவம், மேடை நடுவில், சுற்றிலும் கேட்பவர்கள். எங்கே அமர்ந்தாலும் வாசிப்பவருக்கு அப்பால் எதிரே இருப்பவரின் முகம் தெரியும். வாத்தியங்களை மிக அருகில் பார்க்கலாம் என்பதால் நமது வயலின், மிருதங்க மாணவர்களுக்கு இது அருமையான வாய்ப்பு.

அரங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையம். எண்பதுகளில் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய நம்மவர்கள் பலர் அந்த நிலையத்தின் வழியாகத்தான் மேற்கு பேர்லினுக்கு வந்தார்கள். உங்களில் சிலரும் அப்படி வந்தவர்கள். நேரம் இருந்தால் பிள்ளைகளை அந்த நிலையத்துக்கும் கூட்டிப் போக நினைக்கிறேன். அங்கே வந்து தம் அனுபவத்தைச் சொல்ல விரும்பும் பெற்றோர் எனக்குத் தெரியப்படுத்தினால் மிகவும் மகிழ்வேன். நீங்கள் சொல்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

போவதற்கு முந்திய சனிக்கிழமை வகுப்பில் இதைப் பற்றிப் பேசுவோம். எந்தத் தரப்பு சரி என்று ஆசிரியர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், மறுத்துப் பேசலாம், கோபப்படவும் செய்யலாம். வீட்டில் நீங்கள் ஈழத்துக் கதையைச் சொல்லியிருந்தால் அதையும் அங்கே பேசலாம். சொல்லாமல் வைத்திருந்தால் அது உங்கள் உரிமை. ஆசிரியர்கள் தோண்டிக் கேட்க மாட்டார்கள்.

சில நடைமுறைகள். ஹவுஸ்வோக்டைப்ளாட்ஸ் சுரங்க ரயில் நிலைய வாசலில் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கூடுவோம். ஆரம்பித்த பிறகு நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், அதனால் தயவுசெய்து பிந்த வேண்டாம். தடித்த குளிர் மேலங்கியையும் பெரிய பைகளையும் வெளியே ஒப்படைக்க வேண்டும். கைத்தொலைபேசியை முழுமையாக அணைத்துவிட வேண்டும். நமது கச்சேரியில் ராகம் உச்சம் தொட்டதும் சபாஷ் போடுவோம், தொடையில் தாளம் தட்டுவோம். இங்கே ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடியும்வரை கைதட்டுவதில்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். டிக்கெட் பணம் கட்டுவது கடினமாக இருக்கும் குடும்பங்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், பாடசாலை பார்த்துக்கொள்ளும். யார் என்பது வெளியே தெரியாது.

மனம் ஒப்பாத பெற்றோர் பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அன்று வழக்கம்போல் தமிழ் வகுப்பு நடக்கும். எந்தப் புள்ளியும் குறையாது. அப்படி முடிவெடுப்பவர்கள் காரணத்தை எனக்குச் சொன்னால் நன்று. உங்கள் மனத்தை மாற்றுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

நாள், நேரம், கட்டண விவரம் இணைத்துள்ள படிவத்தில் இருக்கின்றன. கையொப்பமிட்டு வரும் சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகளோடு துணைக்கு வர மூன்று பெற்றோர் தேவை. இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்