வார்னிங் லைட் எரியாவிட்டால் சஸ்பென்ஷன் நலமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓடும்போதே ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மின்சாரத்தால் மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சஸ்பென்ஷன் உள்ள கார்கள் இப்போது சேலத்திலும் கண்ணில் படுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களிடம் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "கம்ஃபர்ட், ஸ்போர்ட்னு மோடு பட்டனை மாற்றி மாற்றிப் பார்த்தாச்சு, ஒரு வித்தியாசமும் தெரியல, எல்லாம் விளம்பரம்" என்பது ஒன்று. "டேஷ்போர்டுல லைட் எரியல, அப்புறம் என்ன கவலை" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இவற்றை நம்பிக் குடும்பத்தோடு ஏற்காடு மலைப்பாதையில் ஏறி இறங்குவது ஆபத்து என்பதால்தான் எழுதுகிறேன். இந்த சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை ஓட்டுகிறவரால் உணர முடியும். ஆனால் போகிற போக்கில் தெரியாது, முறையாகச் சோதித்தால்தான் தெரியும்.

முதலில் நம் காரில் இருப்பது உண்மையிலேயே அடாப்டிவ்தானா என்று பார்க்க வேண்டும். ஜீப் காம்பஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்றவற்றில் வரும் எஃப்எஸ்டி (ஃப்ரீக்வென்சி செலக்டிவ் டேம்பிங்) ஷாக் அப்சார்பர் நல்ல பொருள்தான். அதிர்வின் வேகத்துக்கேற்ப ஆயில் போகும் வழியை அது தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் அதில் வயர் கிடையாது, சென்சார் கிடையாது, மோடு மாற்றினால் ஷாக்கில் எதுவும் மாறாது. ஸ்கோடா கோடியாக்கின் சில வேரியன்ட்களில் வரும் டிசிசி (டைனமிக் சேஸிஸ் கன்ட்ரோல்) போன்றவைதான் அசல் அடாப்டிவ். அதில் ஷாக்குக்கு ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது காயிலில் கரன்ட் பாய்ந்தால் இயங்கும் வால்வு, இருக்கும். கன்ட்ரோல் யூனிட் அதற்குப் போகும் கரன்ட்டைக் கூட்டிக் குறைத்து, ஷாக்கைச் சில மில்லிநொடிகளில் இறுக்கும் அல்லது தளர்த்தும். காந்தத் திரவம் நிரப்பிய வகையும் உண்டு. அதில் வால்வுக்குப் பதிலாக, இரும்புத் துகள் கலந்த ஆயிலையே காந்தப்புலம் கெட்டியாக்குகிறது.

இந்தக் கட்டுப்பாட்டின் மூலக் கணக்கை 1974இல் டீன் கார்னாப் உள்ளிட்ட மூவர் வெளியிட்டார்கள். காரின் உடலை வானத்தில் ஒரு கொக்கியில் மாட்டியது போல அசையாமல் வைத்து, சக்கரத்தை மட்டும் மேடுபள்ளத்தோடு போகவிடுவது அதன் நோக்கம். ஆக, இது சரியாக வேலை செய்தால் நமக்குக் கிடைப்பது ஓர் அசைவு இல்லாமை. இல்லாத அசைவை உடம்பு கவனிக்காது. வித்தியாசம் தெரியவில்லை என்று பலர் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

இரண்டாவது காரணம், தவறான இடத்தில் தேடுவது. ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்போர்ட் மோடு போட்டால் கார் சாயாது என்று எதிர்பார்க்கிறார்கள். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு விசை காரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த விசைக்குக் கார் எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும்தான். ஷாக் அசைவின் வேகத்தை மட்டுமே தடுக்கும். அசைவு நின்றுவிட்டால் அதற்கு வேலை இல்லை. அதனால் வளைவின் நடுவில் கம்ஃபர்ட்டிலும் ஸ்போர்ட்டிலும் சாய்வு ஒரே அளவுதான் இருக்கும். ஸ்டியரிங் திருப்பும் முதல் அரை நொடி, வளைவு முடிந்து நிமிரும் நேரம், இறங்கும்போது பிரேக் மிதித்ததும் முன்பக்கம் குனியும் வேகம் ஆகிய மூன்றில்தான் வித்தியாசம் தெரியும். ஆக்டிவ் ரோல் பார் உள்ள விலையுயர்ந்த கார்களின் கதை வேறு.

மூன்றாவது காரணம் இதற்கு நேர் எதிரானது: மாறாததை மாறியதாக நினைப்பது. பல கார்களில் ஸ்போர்ட் மோடு ஸ்டியரிங்கையும் கனமாக்கும், ஆக்சிலரேட்டரையும் சுறுசுறுப்பாக்கும். கை கனத்தை உணர்ந்ததுமே மனம் "சஸ்பென்ஷன் இறுகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடும். ஷாக் செத்துப்போன காரிலும் இப்படித் தோன்றும்.

இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க ஒரு சோதனை இருக்கிறது. சோதிப்பவர் ஓட்டக் கூடாது, பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார வேண்டும். அப்போதுதான் ஸ்டியரிங் கனமும் திரையும் அவருக்குத் துப்புக் கொடுக்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைக்கும் இன்டிவிஜுவல் மோடு இருந்தால் சஸ்பென்ஷனை மட்டும் மாற்றி, மற்றவற்றை நார்மலில் வையுங்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்துவிடுங்கள். மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதல் இருந்தாலே கம்ஃபர்ட்டின் மென்மை காணாமல் போகும். (ஏற்காட்டில் நிறுத்தி அளந்து சரிசெய்ய வேண்டாம். உயரத்தால் கேஜ் சுமார் 2 பிஎஸ்ஐ கூடக் காட்டும், மலைக்குளிர் அதில் பெரும்பகுதியைக் குறைக்கும், ஓடிய சூடு மறுபடி கூட்டும். கணக்கு குழம்பிவிடும்.)

ஓட்டுபவர் ஒரு தாளில் 10 வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காசு சுண்டி, தலை விழுந்தால் கம்ஃபர்ட், பூ விழுந்தால் ஸ்போர்ட் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். இதைப் பின்னால் இருப்பவருக்குக் காட்டக் கூடாது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் போகும் சாலையில், வார நாளில், விடிந்து போக்குவரத்து தொடங்கும் முன், கொஞ்சம் அலை அலையான அரை கிலோமீட்டர் போதும். வளைவுகளில் இதைச் செய்யவே கூடாது. முதலில் எந்த மோடு என்று சொல்லியே இரண்டிரண்டு முறை ஓட்டிப் பழக்கிவிட்டு, பிறகு தாளில் உள்ள வரிசைப்படி 40 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை ஓட்டுங்கள்; ஒவ்வொரு முறையும் அது எந்த மோடு என்று பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டும். வண்டி நிற்கும்போதுதான் மோடு மாற்ற வேண்டும். பட்டன் சத்தம் காட்டிக்கொடுக்காதபடி, மோடு மாறாத முறையிலும் பட்டனை அழுத்தி எல்லா மோடுகளையும் ஒரு சுற்று கடந்து அதே மோடுக்குத் திரும்புங்கள்.

பத்துக்கு ஒன்பது அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் ஷாக் உண்மையிலேயே மாறுகிறது. குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான். எட்டு என்றால் பதினெட்டில் ஒரு வாய்ப்பு உண்டு, இன்னொரு முறை பாருங்கள். ஐந்து, ஆறு என்றால் சாலை மிக வழவழப்பாக இருந்திருக்கலாம். மோசமான சாலையிலும் அதே எண்ணிக்கை வந்தால் வண்டியை ஸ்கேனருக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாறுகிறதா என்பதற்கு இது விடை. ஷாக்கில் வலு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஐஆர்சி (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) அளவில் போட்ட வேகத்தடை உதவும். அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க அரை நொடி ஆகும். காரின் உடல் இயல்பாக நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடக்கூடியது என்பதால், இந்தத் தடை அதைச் சரியாகத் தூண்டிவிடும். எழுந்து, ஒருமுறை அமுங்கி, நின்றுவிட வேண்டும். மூன்றாவது ஆட்டம் வந்தால் ஷாக் தளர்ந்துவிட்டது. தெருக்களில் போட்டிருக்கும் குறுகிய கூர்மையான திட்டுகள் இதற்கு ஆகாது. அவை தட்டி எழுப்புவது நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும் சக்கரத்தை. அங்கே டயரும், சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷும்தான் அதிகம் பேசும்.

இனி வார்னிங் லைட். கன்ட்ரோல் யூனிட் பார்ப்பது வயரையும் சென்சாரையும்தான். வால்வின் காயில் அறுந்தாலோ கனெக்டரில் தண்ணீர் புகுந்தாலோ லைட் எரியும், ஷாக் பெரும்பாலும் நடுத்தரமான அல்லது இறுக்கமான ஒரே நிலையில் நின்றுவிடும். ஆனால் ஷாக்கின் சீல் தேய்ந்து ஆயில் கசிந்தாலும், உள்ளே அடைத்த கேஸ் இறங்கினாலும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் மாறாது. ஸ்கேனரில் கரன்ட் ஒழுங்காகக் காட்டும். அந்த எண் கன்ட்ரோல் யூனிட் அனுப்பிய கட்டளை மட்டுமே, ஷாக் கொடுத்த விசை அல்ல. இந்தத் தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல நடப்பதால் தினம் ஓட்டுகிறவர் அதற்குப் பழகிவிடுவார். எப்போதாவது ஏறும் உறவினர் "என்னங்க, வண்டி இப்படி ஆடுது" என்று கேட்டால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

பானட்டை அமுக்கிவிட்டு "ஷாக் நல்லா இருக்கு" என்று சொல்வதை இந்தக் கார்களில் ஏற்கவே கூடாது. இக்னிஷன் ஆஃபில் வால்வுக்குக் கரன்ட் இல்லை. கையால் அமுக்கும் வேகமும் சாலையில் ஷாக் இயங்கும் வேகமும் ஒன்றல்ல. அதைவிட, வண்டியைத் தூக்கிப் பார்ப்பது மேல். ஷாக்கின் மேல்பகுதியில் லேசான ஈரப்பூச்சு இருக்கலாம். புழுதி ஒட்டிக் கீழ்ப்பகுதிவரை வழிந்திருந்தால் கசிவு. டயரை உள்ளங்கையால் தடவினால் மேடுபள்ளமாகக் கையில் தட்டுகிறதா, லிங்க் ராடும் டாப் மவுண்ட்டும் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மோடு இணைந்த, காரின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சாரின் சின்ன பிளாஸ்டிக் லிங்க் அடிக்கடி கழன்றுபோகும். ஆர்மையோ ஸ்பிரிங்கையோ மாற்றினால், சமதளத்தில் நிறுத்தி ஸ்கேனரால் அந்த சென்சாரைக் கேலிபிரேட் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்யாமல் டெலிவரி எடுக்காதீர்கள். ஷாக்கை மாற்றினால் ஒரே ஆக்சிலின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விலை தாளாமல் சாதாரண ஷாக் போட்டு, லைட் எரியாமல் இருக்க வயர் முனையில் ரெசிஸ்டர் மாட்டும் வழக்கம் இருக்கிறது. மோடு பட்டன் வேலை செய்யும், ஸ்டியரிங் கனமாகும், திரையில் ஸ்போர்ட் என்று எழுத்து வரும். முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, ஷாக்கின் பக்கவாட்டிலோ தலையிலோ இருந்து கிளம்பும் வயரைக் கனெக்டர்வரை விரலால் தொடர்ந்து பாருங்கள். நான்கு சக்கரத்திலும் பாருங்கள்.

இப்படிக்கு,
கார் சஸ்பென்ஷன் டெக்னீஷியன்,
அஸ்தம்பட்டி, சேலம்.