அடுத்த ஊரடங்கு வருமுன் எழுதி வையுங்கள்: வேளாண் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வேளாண் துறை, வேளாண் விற்பனைத் துறை உயர் அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் பகுதியில் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். மறுபடியும் ஒரு தொற்று வந்து ஊரடங்கு போட்டால், நிலத்தில் பழுத்து நிற்கும் காயையும் பழத்தையும் எந்த வழியாக, எந்த இடத்துக்கு, யார் கொண்டுபோவது? அதற்கு எழுத்தில் ஏதாவது திட்டம் இருக்கிறதா? மேடையில் இருந்த அலுவலர், "அது கொரோனா காலத்து விஷயம், முடிந்துபோனது. இப்போது என்ன பிரச்சினை என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவைக் கூப்பிட்டார். முடிந்துபோனது அவருக்கு. எங்களுக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2020இல் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை, எல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். கோப்பில் இருக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

திண்டிவனம், மரக்காணம், செய்யூர் பக்கம் பொங்கலை ஒட்டித் தர்பூசணி விதைப்போம். எழுபது, எழுபத்தைந்து நாள் பயிர். காம்பை ஒட்டிய சுருள் காய்ந்து, தட்டினால் மந்தமான சத்தம் வந்தால் வெட்டலாம் என்று அர்த்தம். எங்கள் நிலத்தில் அந்தப் பக்குவம் வந்த வாரத்தில்தான் மார்ச் 24 இரவு அறிவிப்பு வந்தது. முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி, "லாரி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் எங்கே இறக்குவது?" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜூஸ் கடை, ரோட்டோரக் கடை, கல்யாண மண்டபம் எல்லாம் மூடிக் கிடந்தால் அவர் மட்டும் வாங்கி என்ன செய்வார்?

மச்சானின் சின்ன லோடு வண்டியில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு பக்கத்து டவுனுக்காவது போகலாம் என்று கிளம்பினோம். சோதனைச் சாவடியில் பாஸ் கேட்டார்கள். பாஸ் யார் தருவார் என்று கேட்டோம், அங்கே நின்றவர்களுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தோம்.

தர்பூசணி கொடியில் கிடந்து காத்திருக்காது. வெயில் படும் பக்கம் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெத்தென்று ஆகும். உள்ளே புளித்து, ஒரு இடத்தில் வெடித்து, நுரையோடு சாறு வழியும். காலையில் நிலத்துக்குப் போனால் பாத்தியை மூடிய மல்ச்சிங் பிளாஸ்டிக் ஷீட் முழுக்க ஈ. ஊரில் இருந்த வீடுகளுக்கெல்லாம் கேட்டவருக்குக் கேட்ட அளவு கொடுத்தோம். கடைசியில் ஆடு மாடுகளை உள்ளே விட்டோம். அதுகளும் ஒரு அளவுக்கு மேல் தின்னவில்லை. விதைக்கும் உரத்துக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் அடகு வைத்த நகைக்கு வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்காமல் ஓடியது.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஊரடங்கு உத்தரவு மார்ச் 24இல் வந்தது. வயலில் விவசாயிகளும் கூலி ஆட்களும் வேலை செய்வதற்கும், வேளாண் மண்டிகளுக்கும், அறுவடை இயந்திரங்கள் மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கும் விலக்கு தரும் திருத்தம் மார்ச் 27இல்தான் வந்தது. 130 கோடிப் பேர் சாப்பிட வேண்டிய நாட்டில் சோறு எங்கிருந்து வருகிறது என்பது மூன்று நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தத் திருத்தம் டெல்லியிலிருந்து கிளம்பி எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்வதற்குள் முதல் வெட்டுக்கு நின்ற பழம் அழுகிவிட்டது. முன்கூட்டியே எழுதி வைத்த திட்டம் ஒன்று இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் வீணாகியிருக்காது. சாவடியில் நின்ற காவலருக்கும் குழப்பம் இருந்திருக்காது.

ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் கோயம்பேட்டில் ஜனம் முண்டியடித்தது. இங்கே வாங்க ஆளில்லாமல் அழுகியது, அங்கே நாளைக்குக் கிடைக்காதோ என்ற பயத்தில் கூட்டம். பிறகு சந்தையே தொற்று மையமானது. மே மாதத் தொடக்கத்தில் அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்ப, நோயும் கூடவே வந்தது. காய்கறியைத் திருமழிசைக்கும், பழத்தை மாதவரத்துக்கும், பூவை வானகரத்துக்கும் அவசர அவசரமாக மாற்றினார்கள். கோயம்பேடு மறுபடியும் திறக்கச் செப்டம்பர் கடைசி ஆனது. ஒரு பெருநகரத்தின் சாப்பாடும், வட மாவட்ட விவசாயிகள் பலரின் வருமானமும் ஒரே வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தால் அந்த வாசல் அடைபடும் நாளில் இதுதான் நடக்கும். அன்று பழியை வியாபாரி மேலும் கூலிக்காரர் மேலும் போட்டுப் பேசினார்கள். மாற்றுச் சந்தை எங்கே என்று முன்பே யோசிக்காதது அவர்கள் குற்றமா?

கூட்டங்களில் எங்களுக்கு ஒரு புள்ளிவிவரம் சொல்வார்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது, வேளாண்மை மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது என்று. முதலில் வெளிவந்த அரசுக் கணக்கு அது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து "விவசாயம் தாங்கிவிட்டது" என்று சொல்லாதீர்கள். நெல்லும் கோதுமையும் தாங்கின. ஏன் தாங்கின? அவற்றுக்குக் கொள்முதல் நிலையம் இருந்தது, கிடங்கு இருந்தது, கடைசியில் ரேஷன் கடை இருந்தது. பல வருடம் கட்டி வைத்த ஏற்பாடு அது, அந்த நேரத்தில் கோடிக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றியது. அதற்கு எங்கள் நன்றி என்றும் உண்டு. தக்காளிக்கும் வாழைக்கும் மல்லிகைக்கும் தர்பூசணிக்கும் அப்படி என்ன இருந்தது? விளைந்ததைக் கணக்கில் சேர்க்கிறார்கள், விற்றதா என்று வந்து பார்க்க ஆளில்லை.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகளைப் பல ஊர்களில் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றி, சுண்ணாம்புக் கோடு போட்டு, இடைவெளி விட்டு நடத்திக் காட்டினார்கள். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது காய்கறியையும் பழத்தையும் வண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். தோட்டக்கலைத் துறைக்காரர்கள் ராத்திரி பகலாக ஓடியதை நாங்கள் பார்த்தோம். அந்த அனுபவம் எல்லாம் இப்போது எங்கே? ஓடியவர்களில் பலர் இடம் மாறியிருப்பார்கள், சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் தலையில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். எழுதி வையுங்கள்.

இது தொற்றுக்கு மட்டும் உதவும் என்று நினைக்க வேண்டாம். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. எங்கள் பழம் மறுபடியும் நிலத்திலேயே கிடந்தது. புயல் வந்தாலும் இதே கதை, லாரி வேலைநிறுத்தம் என்றாலும் இதே கதை. ஒவ்வொரு முறையும் நாங்கள் மனு எழுதுகிறோம், ரசீது வாங்குகிறோம், திரும்பி வருகிறோம். நிவாரணம் என்று எப்போதாவது கொஞ்சம் வரும், அதுவும் குத்தகைக்கு உழுபவனுக்கு வராது, பட்டா அவன் பெயரில் இல்லையே. சரி, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒன்றுதான். மாவட்டத்துக்கு ஒரு திட்டம் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிமையாக வெளியிடுங்கள். சந்தை மூடினால் எந்த மைதானம் சந்தையாகும், விளைபொருள் ஏற்றிய வண்டி பாஸ் இல்லாமல் எந்தச் சாலையில் போகலாம், அறுவடை ஆட்கள் எப்படி வந்து போவார்கள், வியாபாரி வராவிட்டால் மருத்துவமனைக்கும் விடுதிக்கும் முகாமுக்கும் யார் கொள்முதல் செய்வார், எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அதன் ஒரு பிரதி காவல் நிலையத்திலும் இருக்கட்டும். 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போடுகிறீர்கள், வரும் அறிக்கையில் இதற்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள்.

வரும் தை விதைப்புக்கு முன் வரைவையாவது காட்டினால், நாங்கள் ஊர் ஊராகக் கூடிப் படித்து, குறை இருந்தால் எழுதித் தருகிறோம். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
தர்பூசணி பயிரிடும் ஒரு விவசாயி