நற்கருணை, நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கும் ஞாயிறுதோறும் செல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவையொட்டி நடைபெறும் நற்கருணைப் பவனிகளின் படங்களைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. 1264ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் உர்பான் உலகத் திருச்சபை முழுமைக்கும் விரிவுபடுத்திய அந்த விழா, கிறிஸ்துவின் உடலாக நம்பிப் பூசையில் (திருப்பலியில்) நாம் உண்ணும் அப்பமாகிய நற்கருணையைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அது ஆண்டில் ஒரு நாள் நிகழ்வு. தள்ளாமையால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட முதியோருக்கு மற்ற நாள்களில் நற்கருணை எவ்வாறு கிடைக்கிறது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிறிஸ்தவ வாழ்வு முழுமைக்கும் ஊற்றும் உச்சியும் நற்கருணையே என்று 1964இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. ஆயினும் எளிய கத்தோலிக்கர் அன்றாடம் நன்மை வாங்குவது, அதாவது நற்கருணை உட்கொள்வது, பழங்காலம் தொட்டு வந்த வழக்கமன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும், பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) காலத்தில், நற்கருணை பெற்றாக வேண்டும் என்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் கட்டளையிட வேண்டியிருந்தது என்றால், மக்கள் எவ்வளவு ஒதுங்கி நின்றார்கள் என்பதை ஊகிக்கலாம். அடிக்கடியும், இயன்றால் நாள்தோறும் நன்மை வாங்கலாம் என்று 1905இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஊக்குவித்த பின்னரும், நன்மை வாங்க வேண்டுமானால் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற நோன்பு நீடித்தது. 1953இல் தண்ணீருக்கு விலக்கு வந்தது; 1957இல் நோன்பு மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. இவ்வாறு ஒவ்வொரு தடையாக நீக்கி நற்கருணையை மக்களுக்கு அருகில் கொண்டுவந்த திருச்சபையில், கோயில் படியேற முடியாதவர்களுக்கான இடைவெளி மட்டும் நம் பங்குகள் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஆலயச் சமூகங்கள்) பலவற்றில் இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரும்பாலான ஊர்களில் மாதத்தின் முதல் வெள்ளியையொட்டித்தான் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லப்படுகிறது. எஞ்சிய வாரங்களில் அவர்களுக்குத் தொலைக்காட்சிப் பூசைதான். 2020இல் ஆலயங்கள் மூடப்பட்ட நாள்களில் அது பேருதவியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆலயங்கள் திறக்கப்பட்ட பிறகும், "வீட்டிலேயே பூசை பார்த்துக்கொள்கிறார்களே" என்று குடும்பத்தாரும் பங்கும் ஒருசேர நிம்மதி அடைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. மனத்தளவில் நற்கருணை பெறும் செபம் நல்லதுதான் என்றாலும், உண்பதற்காகத் தரப்பட்ட ஒன்றைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது அதற்கு ஈடாகாது.

குருக்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கிளைக் கிராமங்கள் பலவற்றையும் ஒருவரே கவனிக்கும் ஞாயிற்றுக்கிழமையில், அவர் வீடுவீடாகச் செல்வது இயலாத காரியம். இதை உணர்ந்தே திருத்தந்தை ஆறாம் பவுல் 1973இல், துறவற சகோதரிகளும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரும் உரிய அனுமதியோடு நற்கருணை வழங்க வழிசெய்தார். இது புதுமையும் அன்று. வழிபாட்டுக்கு வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் (குருக்களுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்கள்) நற்கருணையை எடுத்துச் சென்றதை இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் குறித்து வைத்திருக்கிறார்.

நம்மிடையே உள்ள தயக்கம் வேறு. சாமியார் வீட்டுக்கு நன்மை கொண்டுவந்தால், "அவஸ்தை பூச (இறக்கும் தறுவாயில் எண்ணெய் பூச) வந்திருக்கிறாரோ, ஆள் தேறாதோ" என்று அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே குருவை அழைக்காத குடும்பங்கள் உண்டு. மாதத்திற்கு ஒருமுறை அபூர்வமாக வருவதால்தான் இந்த அச்சம். வாரந்தோறும் வந்தால் அது தானே கரைந்துவிடும். சாமியார் கையால் அன்றி வேறு யார் கையாலும் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பங்குத்தந்தையே ஒருமுறை உடன் சென்று அறிமுகம் செய்து வைத்தால் அவர்களில் பலர் இசைவார்கள்.

இன்னொன்றையும் பலர் அறிந்திருக்கவில்லை. முதியோரும் நோயுற்றோரும் மட்டுமன்றி, அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேர நோன்புக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. நன்மை வாங்குவதற்காகச் சர்க்கரை நோயாளிகள் காலை உணவையும் மாத்திரையையும் தள்ளிப்போட வேண்டிய தேவை சிறிதும் இல்லை. படுத்திருப்பவரை விட்டு நகர முடியாமல் ஞாயிறு பூசையை இழக்கும் மகளோ மருமகளோ அதே வேளையில் நற்கருணை பெறலாம்; நோயாளியைப் பற்றி விசாரிக்கும் நாம் இவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நன்மை வாங்குமுன் நாம் சொல்லும், "ஆண்டவரே, நீர் என் இல்லத்திற்குள் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்" என்ற செபம், வீட்டில் படுத்துக் கிடந்த தன் ஊழியனுக்காக நூற்றுவர் தலைவர் ஒருவர் இயேசுவிடம் கூறிய சொற்களிலிருந்தே வந்தது. கோயிலில் அதைச் சொல்லும் நேரத்தில் நம் தெருவில் படுத்திருப்பவர் எத்தனை பேருக்கு நினைவுக்கு வருகிறார் என்று தெரியவில்லை.

யார் யார் வீட்டோடு இருக்கிறார்கள் என்பது அண்டை வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான ஒவ்வொரு அன்பியத்திற்கும் தெரியும். ஞாயிறு கடைசிப் பூசையின் முடிவில், பயிற்சி பெற்ற பணியாளர்களிடம் நற்கருணைச் சிமிழ்களைப் பீடத்திலிருந்தே, மக்கள் முன்னிலையில் கொடுத்து அனுப்பலாம். ஆயர் பெருமக்கள் இதைக் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறிலிருந்து எல்லாப் பங்குகளிலும் நடைமுறைப்படுத்த ஆவன செய்யுமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்.