தோட்டக் குழு ஆண்டறிக்கை: மிளகாய்ப் பூ கொட்டிய ஆண்டு

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) வழக்கம்போல் நடந்தது. விதைப் பரிமாற்றத்தில் கத்தரி விதை போதவில்லை. அடுத்த முறை கூடுதலாக எடுத்து வையுங்கள். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது மிளகாயைப் பற்றித்தான்.

தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட வாரங்களில் ஐந்தாம் மாடி அக்கா ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார். குடைமிளகாய்த் தொட்டியைச் சுற்றிச் சிமெண்டுத் தரையெங்கும் வெள்ளைப் பூ, விரியாத மொட்டு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காம்பு மஞ்சளாகி, கணுவில் கத்தரித்தாற்போல் விட்டிருந்தது. செடியோ பச்சைப்பசேலென்று நின்றது. “உரம் பத்தலையா தம்பி?” என்றார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டவர்களுக்கு யூரியா போடச் சொன்னவன் நான். அது தவறு. யூரியாவில் உள்ள தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் மண்டும், பூ நிற்காது.

காரணம் சூடு. பகல் 32 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் குடைமிளகாய் பூவைத் தாங்காது. பினாங்கின் தாழ்நிலத்தில் இரவு பெரும்பாலும் 24, 25 பாகைதான். குளிரான கேமரன் மலையில் நன்றாகக் காய்ப்பது இங்கே தவிப்பது அதனால்தான். சிலி பாடி என்ற சின்னக் காரமிளகாய் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நம் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் நிலைமை இன்னும் மோசம்: மாலை வெயில் வாங்கிய சுவரில் இரவு ஒன்பது மணிக்குக் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். தொட்டி அதை ஒட்டித்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மொட்டு கடுகளவு இருக்கும்போதே உள்ளே மகரந்தம் உருவாகிறது. அப்போது சூடு தாக்கினால் மகரந்தம் மலடாகிவிடும். பூ விரிவதோ ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. அதற்குள் ஒரு மழை பெய்து குளிர்ந்திருக்கும். “இப்போ வெயிலே இல்லையே” என்று குழம்புவோம். காய் பிடிக்காத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. எத்திலீன் வாயு சுரந்து காம்பின் கணுவை அறுத்துவிடும்.

தொட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளிச் செங்கல்மேல் வைத்தோம். பிற்பகலுக்கு நிழல் வலை கட்டினோம். கறுப்புப் பாலிபேக்கைச் சுற்றி வெள்ளைத் துணி, மண்ணின்மேல் தேங்காய் நார். காலையில் வேர்வரை நனையத் தண்ணீர். மழை பிடித்த பிறகு வந்த பூக்கள் நின்றன. அக்கா வீட்டில் காய் பறித்தார்கள்.

அதற்குமுன் இரண்டு வீடுகளில் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. செடி சாகவில்லை ஐயா, பூவை மட்டும்தான் விட்டது. இலையும் சுருண்டு பூவும் கொட்டினால் மட்டும் இலையைத் திருப்பி இலைப்பேன் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அது வேறு கணக்கு.

வரும் ஜூலையிலேயே நாற்று விடுவோம். வறட்சிக்கு முன் முதல் காய்ப்பு கிடைக்கும். நடைபாதையில் இரவுச் சூட்டைக் குறித்துவைக்க ஒரு வெப்பமானி வாங்கக் கூட்டத்தின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்