கடையை மறுபடி ஓட வைத்த எல்லோருக்கும்

வேளச்சேரி ராம் நகர்ப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

மிக்ஜாம் புயலில் முங்கிய என் தையல் கடை பொங்கலுக்குள் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். துணி வாங்க வரும் அவசரத்தில் எல்லோரும் கிளம்பிவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஏரியா சமாச்சாரம் தெரிந்ததுதான். மழை விட்டாலும் தண்ணீர் விடாது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் இங்கேதான் வந்து நிற்கும்; பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு என்ற கால்வாயைத் தாண்டித்தான் கடலைப் பார்க்கும். 2015இல் பட்டது போதாதென்று 2023 டிசம்பர் 4ஆம் தேதி மறுபடியும் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் புகுந்தது.

அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்த மேல்மாடிப் பேச்சிலர் பையன்களுக்கு முதல் நன்றி. பவர் மெஷினைத் தூக்கலாம் என்றார்கள். மெஷின் என்னுடையது, துணி அடுத்தவருடையது, முதலில் துணியை எடுங்கப்பா என்று கத்தினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் தைக்க வாங்கிய பைகளைத் தலையில் வைத்து மாடிக்கு ஏற்றினார்கள். படகுக்குக் காசு கேட்டவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். அவர்கள் கதை இங்கே வேண்டாம்.

தண்ணீர் வடிந்தபோது தையல் மெஷினையும், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக்கையும் பார்க்கச் சகிக்கவில்லை. ஷட்டிலுக்குள் சேறு அடைத்து, ஊசித் தண்டு துருப்பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவே இல்லை. எனக்கு வழக்கமாக வரும் மெக்கானிக் அண்ணன் மெஷினின் தலைப் பாகத்தைக் கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தார். மோட்டாரைத் தனியாகப் பிரித்து வைண்டிங் கட்டக் கொடுத்தார். பாரிமுனையில் வாங்கிய சாமான்களுக்குத்தான் காசு வாங்கினார், கூலி பற்றிப் பேச்செடுத்தால் டீ சொல்லு என்கிறார். அண்ணே, அந்தக் கணக்கு என்னிடம் இருக்கிறது.

அப்புறம் அளவு நோட்டு. மை கரைந்து எல்லாப் பக்கமும் ஒரே நீலம். யாருக்கு எத்தனை இஞ்ச் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் அளவு ஜாக்கெட்டோடு வந்தீர்கள், அது இல்லாதவர்கள் முகம் சுளிக்காமல் மறுபடி நின்று அளவு கொடுத்தீர்கள். ஒரு அம்மாவின் பட்டு ஜாக்கெட் துணியைச் சேற்றுக் கறையிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்தது. கால் இஞ்ச் கூடினாலே என்னை ஒரு வழி பண்ணிவிடுகிறவர், அன்றைக்குப் புதுத் துணியோடு அட்வான்ஸையும் கையில் வைத்துவிட்டு, "தேதி மட்டும் தப்பக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தேதி தப்பவில்லை, அம்மா.

டிசம்பர் வாடகையை வேண்டாம் என்ற கட்டட உரிமையாளருக்கு நன்றி. அரசு ரேஷன் கடை மூலம் கொடுத்த புயல் நிவாரணம் 6,000 ரூபாயில்தான் நூல், கேன்வாஸ், லைனிங் எல்லாம் திரும்ப வாங்கினேன். அன்றைக்கு ரேஷன் கடையில் அத்தனை கூட்டத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன ஊழியர்களுக்கும் நன்றி. நனைந்த மெத்தையும் சோபாவுமாகத் தெருவில் மலையாகக் கிடந்ததை அள்ளிய துப்புரவுப் பணியாளர்களில் வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். சீட்டு அழிந்துபோன சில பைகள் இன்னும் கடையில் இருக்கின்றன. கலரும் கரையும் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்தியாச்சு, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபால்ஸ், ஓரம் அடிப்பது மட்டும் என்றால் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருமுனை டெய்லர்