பிள்ளைக்கு நோய் வந்தால் எங்கே போவது? மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

மாரி தொடங்கியதும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் காய்ச்சல், சளி, வயிற்றோட்டம் எட்டிப் பார்க்காத வீடு அரிது. அவ்வேளையில் பெற்றோரிற் பலர் பாமசியில் நோயைச் சொல்லி மருந்து வாங்குகிறார்கள். இல்லையேல் வாவியைக் கடந்து நேரே போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். வீடுகளுக்கு வந்து தாய்சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர், பிரதேச வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை என இடையில் இருப்பவற்றுள் எதனை எப்போது நாடலாம் என்பது அவர்கள் கையில் எழுத்தாக இல்லை.

எனவே, ஒவ்வொரு பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலும் அந்தந்த ஊருக்கென எழுதிய ஒரு தாளை ஒட்டித் தருமாறு வேண்டுகிறேன். குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கம், இரவில் வைத்தியர் இருக்கும் மிக அருகிலுள்ள வைத்தியசாலை, வெள்ளம் வீதியை மூடினால் செல்லக்கூடிய மாற்றுவழி ஆகியன அதில் இருக்கட்டும்.

சாதாரண வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொடுத்து, தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதிருக்கும்படி குடும்பநல உத்தியோகத்தரே வழிகாட்டலாம். ஆனால் பிள்ளை எதையும் குடிக்க முடியாதிருந்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாது சோர்ந்து கிடந்தாலோ, நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சு வாங்கினாலோ, உடனே 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை; வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

டெங்கைப் பற்றித் தாளில் சற்று விரிவாகவே எழுத வேண்டும். காய்ச்சலுக்குப் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டுமே கொடுக்கலாம். ஐபுப்ரூபன், டிக்லோபெனாக், அஸ்பிரின் ஆகியவை குருதிக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அதைவிட அறியப்படாத உண்மை, டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும்போதே பெரும்பாலும் தொடங்குகிறது என்பதாகும். காய்ச்சல் விட்டதென்று பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் அந்த நாளில்தான் கடும் வயிற்றுவலியையும், தொடர் வாந்தியையும், கைகால் குளிர்வதையும், சிறுநீர் குறைவதையும் கவனித்து உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

வீடு வீடாகச் செல்லும் உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே இருப்பதால், இதற்கு அச்சுச் செலவைத் தவிரப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. வரும் மாரிக்கு முன்னர், வீதிகள் முதலில் நீரில் மூழ்கும் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பிரிவுகளிலிருந்தே இதனைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
படுவான்கரைப் பெற்றோர் ஒருவர்